‘நோய் நிலையாக உள்ளது’ என்று கூறி இயலாமைக் காப்பீட்டை மறுத்துவிட்டார்கள்: மேல்முறையீடு செய்தவர்கள் வழி சொல்லுங்கள்

சாம்பல்வானம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) என்று உறுதியானது. முதல் ஆறு ஆண்டுகள் நோய் வந்து வந்து போனது. தாக்குதல் வரும், ஸ்டீராய்டு ஏற்றுவார்கள், சில வாரங்களில் எழுந்து வேலைக்குப் போய்விடுவேன். கடந்த மூன்று ஆண்டுகளாகப் புதிய தாக்குதல் எதுவும் இல்லை. ஆனால் கரை அரிப்பதுபோல ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று கொஞ்சம் போகிறது. நோய் இரண்டாம் நிலைக்கு, அதாவது நிற்காமல் கூடிக்கொண்டே போகும் வகைக்கு மாறிவிட்டது என்கிறார் நரம்பியல் மருத்துவர்.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 17 ஆண்டுகள் இருந்தேன். கடைசி எட்டு ஆண்டுகள் அதன் தலைமைப் பொறுப்பில். எனக்கு நடப்பதில் பெரிய சிரமம் இல்லை. போனது தலைதான். காலை பத்தரை மணி வரை ஓரளவு வேலை ஓடும். அதன்பின் வங்கி அறிக்கையில் ஒரு தொகையைப் படித்துவிட்டு, அதைப் பேரேட்டில் தேடத் திரும்பினால் தொகை மறந்திருக்கும். மறுபடி பார்ப்பேன், மறுபடி மறக்கும். ஒருமுறை ஒரே விலைப்பட்டியலுக்கு இரண்டு தடவை பணம் அனுப்ப ஒப்புதல் கொடுத்திருந்தேன். பத்தொன்பது நாள் கழித்து அதைக் கண்டுபிடித்தவள் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண். என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னாள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு அரைநாள் வேலைக்கு மாறினேன். பதினான்கு மாதங்கள் அப்படி ஓட்டிவிட்டு, ஏழு மாதங்களுக்கு முன் வேலையை நிறுத்தினேன். நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழுப் பாலிசியில் நீண்டகால இயலாமைக் காப்பீடு உண்டு: 180 நாள் காத்திருப்புக் காலம், பிறகு ஊதியத்தில் 60 சதவீதம். போன வாரம் மறுப்புக் கடிதம் வந்தது. மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் புதிய தழும்பு இல்லை. மருத்துவர் குறிப்பில் ‘நிலையாக உள்ளது’ என்றிருக்கிறது. ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதால் உட்கார்ந்து பார்க்கும் வேலையைத் தொடர்ந்து செய்ய முடியும்.

மேல்முறையீட்டுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். என்ன அனுப்புவது, எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை. இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு

சகோதரி, மனம் தளராதீர்கள். வேறொரு பெரிய மருத்துவரிடம் போய், ‘இவரால் இனி எந்த வேலையும் செய்ய இயலாது’ என்று அழுத்தமாக ஒரு கடிதம் வாங்கி, புதிதாக விண்ணப்பம் போடுங்கள். என் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

படிவப்பார்வை

நேர்கோடு நல்ல மனத்தோடு சொல்கிறார். ஆனால் இந்த இடத்தில் அது உதவாது. நான் 14 ஆண்டுகள் கிளெய்ம் மதிப்பீட்டாளராக இருந்தவன். இப்படிப்பட்ட மறுப்புக் கடிதங்களை நானும் எழுதியிருக்கிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் எப்படிப் படிப்பார் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், புதிய விண்ணப்பம் வேண்டாம். மேல்முறையீட்டு அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது போனால் பல பாலிசிகளில் கதவு மூடிவிடும். இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி உங்கள் கிளெய்ம் கோப்பு முழுவதையும் கேளுங்கள். கடிதத்தில் மூன்று வரிதான் இருக்கும்; கோப்பில் முப்பது பக்கம் இருக்கும். உங்களை நேரில் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்துக் கருத்துச் சொன்ன மருத்துவரின் அறிக்கை, உங்கள் வேலையை ‘உட்கார்ந்து பார்க்கும் வேலை’ என்று வகைப்படுத்திய தாள், தொலைபேசியில் நீங்கள் பேசியதைக் குறித்துவைத்தது எல்லாம் அதில் இருக்கும். யாருக்குப் பதில் எழுதுகிறோம் என்று தெரியாமல் பதில் எழுதக் கூடாது. பாலிசி ஆவணத்தின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் கொடுத்த நான்கு பக்கச் சுருக்கம் போதாது.

இரண்டாவது, ‘நிலையாக உள்ளது’ என்ற அந்தச் சொல். எத்தனை கிளெய்ம்களை அது சாய்த்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நரம்பியல் மருத்துவர் அதை எழுதும்போது, போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் புதிய தாக்குதல் இல்லை, மருந்தை மாற்றத் தேவையில்லை என்ற பொருளில் எழுதுகிறார். சக மருத்துவருக்கு அது சரியான குறிப்பு. மதிப்பீட்டாளர் அதை ‘நோயாளி நன்றாக இருக்கிறார்’ என்று படிக்கிறார். கிணற்றின் அடியில் கிடப்பவரும் நிலையாகத்தான் இருக்கிறார். உங்கள் மருத்துவர் எழுதித் தர வேண்டியது இதுதான்: அந்தச் சொல்லை எந்தப் பொருளில் பயன்படுத்தினார், எந்த மட்டத்தில் நிலையாக இருக்கிறது, அந்த மட்டத்தில் எந்த வேலையைச் செய்ய முடியாது.

ஸ்கேன் விஷயமும் அப்படியே. தழும்புகளின் எண்ணிக்கைக்கும் உடலின் இயலாமைக்கும் நேரடிக் கணக்குக் கிடையாது. நரம்பியல் மருத்துவத்தில் இது நன்றாக அறியப்பட்ட முரண்பாடு. அதிலும் நோய் இரண்டாம் நிலைக்குப் போனபின், புதிய தழும்பு விழாமலே நரம்பிழைகள் மெல்ல மெல்ல அழிவதும் மூளை சுருங்குவதும் நடக்கும். ‘புதிய தழும்பு இல்லை’ என்பதை உடல் தேறியதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. இதை உங்கள் மருத்துவர் இரண்டு வரியில் எழுதித் தந்தால் போதும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. விபத்தில் கை போனவருக்கு ஒரு தேதி உண்டு. மெல்ல வளரும் நோய்க்குத் தேதி கிடையாது. அதனால் மதிப்பீட்டாளர் ஒரே கேள்வி கேட்பார்: ‘இந்த நோயோடுதானே ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார், வேலையை நிறுத்திய அன்று என்ன மாறியது?’ இதற்குப் பதில் மருத்துவமனையில் இல்லை, உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள், உங்களிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்த பொறுப்புகள், விடுப்புப் பதிவு, அரைநாளுக்கு மாறியபோது நீங்கள் எழுதிய கடிதம், மேலாளரின் மின்னஞ்சல்கள். அந்த இரட்டைப் பணம் இருக்கிறதே, அதற்குத் திருத்தப் பதிவு போட்டிருப்பார்கள். அதன் நகலை வாங்குங்கள். உங்களுக்கு அது அவமானமாகத் தெரிகிறது. 17 ஆண்டுகளில் அதற்கு முன் அப்படி ஒரு தவறு நடக்கவில்லை என்பதைச் சேர்த்துக் காட்டினால், என்ன மாறியது என்ற கேள்விக்கு உங்கள் கையிலிருக்கும் மிக வலுவான தாள் அதுதான்.

நேர்கோடு சொன்ன ‘எந்த வேலையும் செய்ய இயலாது’ என்ற கடிதத்துக்கு எடை குறைவு. அது முடிவு. முடிவை எடுப்பது தங்கள் வேலை என்று நிறுவனம் சொல்லும். எத்தனை நிமிடம் கவனம் நிற்கிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை படுக்க வேண்டியிருக்கிறது, மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வரவே முடியாமல் போகும் என்று அளவாக எழுதிய கடிதத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

இன்னொன்று, அரைநாள் விஷயம். பாலிசியில் ‘இயலாமைக்கு முந்தைய ஊதியம்’ என்பதற்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வேலையை நிறுத்திய நாளையே இயலாமைத் தேதியாக வைத்தால், உங்கள் அரைநாள் ஊதியத்தில் 60 சதவீதம்தான் வரும். நோயால்தான் நேரம் குறைந்தது என்று காட்டி, பகுதி இயலாமைக்கான பிரிவும் பாலிசியில் இருந்தால், அரைநாளுக்கு மாறிய தேதியையே இயலாமைத் தேதியாகக் கேட்கலாம். அப்போது முழு ஊதியம் கணக்குக்கு வரும். எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று கணக்குத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பல்வானம்

ஐயா, இரண்டு முறை படித்தேன். நேற்று முழுக் கோப்பையும் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டேன். மருத்துவமனையிலிருந்து என் சிகிச்சைக் குறிப்புகளையும் வாங்கி வந்தேன். மூன்று ஆண்டுகளில் ஏழு இடத்தில் ‘நிலையாக உள்ளது’. இரண்டு இடத்தில் ‘நலமாக இருப்பதாகக் கூறுகிறார்’.

அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் உள்ளே வந்ததும் ‘எப்படி இருக்கிறீர்கள் அம்மா?’ என்று கேட்பார். ‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்பேன். யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்வோம். வாசலுக்கு வந்தவரிடம் முதல் சொல்லாகக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அது ஒரு வணக்கத்துக்குப் பதில் வணக்கம். அதைப் போய்க் குறிப்பில் எழுதுவார்கள், அது ஒருநாள் எனக்கு எதிராக நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீலக்குடை

அம்மா, இதே பள்ளத்தில் நானும் விழுந்து எழுந்தவன். எனக்குப் பார்க்கின்சன் நோய். பல் மருத்துவராக 22 ஆண்டுகள் தொழில் செய்தேன். வலக்கையில் நடுக்கம் தொடங்கி, பிறகு விரல்கள் மெத்தனமாகிவிட்டன.

எனக்கு நேர்ந்த சிக்கல் வேறு விதம். லெவோடோபா மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிந்ததும் கை ஏறக்குறையப் பழையபடி இருக்கும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் மருந்தின் வேகம் அடங்கும். கை இறுகும், நடை சுருங்கும். மருத்துவரிடம் போகும் நாளில் வழியில் தடுமாறக் கூடாது என்று சரியாக மாத்திரை போட்டுக்கொண்டு போவேன். என்னுடைய மிகச் சிறந்த பதினைந்து நிமிடத்தை மட்டுமே அவர் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். பிழை என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை.

பிறகு மூன்று வாரம் நாள்குறிப்பு எழுதினேன். மாத்திரை போட்ட நேரம், கை திறந்த நேரம், மறுபடி இறுகிய நேரம். ஒவ்வொரு நாளும் அதே ஒரு வாக்கியத்தைக் காலை எட்டு மணிக்கும் பதினொன்றரைக்கும் எழுதிவைத்தேன். எட்டு மணி எழுத்து என் எழுத்து. பதினொன்றரை மணி வரியில் முதல் சொல் ஓரளவு தெரியும். வரி முடிவதற்குள் எழுத்துகள் கடுகளவாகிவிடும். எழுத்து சிறுத்துப்போவது இந்த நோயின் பழைய அடையாளம். அந்த 21 தாள்களையும் பார்த்த மருத்துவர், ‘இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் காட்டவில்லை?’ என்று கேட்டார். அடுத்த குறிப்பிலேயே மருந்து அடங்கும் நேரங்கள் பற்றி விரிவாக எழுதினார். ஒருவர் வாய்க்குள் ஊசியும் துளைக்கருவியும் பிடிக்கும் கை எப்போது அடங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: என்னுடையது நானே எடுத்த தனிப் பாலிசி. ‘சொந்தத் தொழிலைச் செய்ய இயலாமை’ என்பதே கடைசி வரை அதன் விளக்கம். அதனால் கல்லூரியில் வாரம் இரண்டு வகுப்பு எடுக்கிறேன், பணமும் வருகிறது. குழுப் பாலிசியில் இப்படி இருக்காது. உங்களுடையதில் எப்படி என்று பார்த்துவிடுங்கள்.

படிவப்பார்வை

நீலக்குடை ஐயா சொன்னது முக்கியம். குழுப் பாலிசிகளில் பெரும்பாலும் முதல் 24 மாதங்களுக்கு ‘சொந்த வேலையைச் செய்ய இயலாமை’ என்பதே அளவு. அதன்பின், உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற எந்த வேலையையும் செய்ய இயலாமை என்று மாறும். சிலவற்றில் அந்த ‘எந்த வேலையும்’ இவ்வளவு ஊதியமாவது தர வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கும். அந்த வரியைத் தேடிப் பிடியுங்கள்.

தென்றல்

என் கணவருக்கு ஏ.எல்.எஸ்., தசைகளை இயக்கும் நரம்புகள் வேகமாக அழியும் நோய். எங்கள் கிளெய்மை ஆறு வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். இந்த நோயில் யாரும் வாதாடுவதில்லை, ஏனென்றால் நேரம் கிடையாது. அதனால் மேல்முறையீடு பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வேறு இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கையெழுத்துப் போட முடிகிறபோதே, உங்கள் சார்பில் பேசவும் கையெழுத்திடவும் வீட்டில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தனியாக ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்துவையுங்கள். நாங்கள் தள்ளிப்போட்டோம். நோயாளி நேரில் பேசி உறுதிசெய்தால்தான் விவரம் சொல்வோம் என்று தொலைபேசியில் ஒரு பெண் விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பேச்சு போயிருந்தது. ஒலிவாங்கியில் மூச்சு மட்டும் விழுந்தது.

இன்னொன்று: ஆயுள் காப்பீடும் இருந்தால், இயலாமை ஏற்பட்டபின் பிரீமியம் கட்டத் தேவையில்லை என்ற சலுகை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும். கேட்டால்தான் தருவார்கள்.

நேர்கோடு

படிவப்பார்வை ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கடிதம் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவுதான். ஆனால் நாள்குறிப்பு எழுதுவது எனக்குப் பயமாக இருக்கிறது. ‘இன்று நன்றாக இருந்தேன்’ என்று ஒரு நாள் எழுதினால் அதையே பிடித்துக்கொள்ள மாட்டார்களா? வீட்டு வாசலில் ஆள் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். இப்படி இருக்கும்போது நோயாளி தன் நல்ல நாளைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

படிவப்பார்வை

கண்காணிப்பு உண்மைதான். எல்லாருக்கும் செய்வதில்லை, தொகை பெரிதாகவும் நோய் வெளியே தெரியாததாகவும் இருந்தால் செய்வார்கள். சமூக வலைதளப் பக்கங்களையும் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் அச்சத்துக்கு நேர் எதிரான பதில்தான் என் அனுபவம். நல்ல நாளை மறைத்தவரைத்தான் படம் வீழ்த்தும். படிவத்தில் ‘என்னால் வெளியே போகவே முடியாது’ என்று எழுதியவர் கல்யாண வீட்டில் நின்று சிரிக்கும் ஒரு படம் போதும், மற்ற இருநூறு பக்கமும் பொய்யாகிவிடும். ‘மாதம் ஒன்றிரண்டு முறை நிகழ்ச்சிக்குப் போவேன், ஒரு மணி நேரம் இருப்பேன், மறுநாள் முழுவதும் படுத்திருப்பேன்’ என்று எழுதியவரை அதே படம் ஒன்றும் செய்யாது.

படிவத்தில் ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்ற இரண்டு சொற்களையும் தவிருங்கள். ‘ஒரு மணி நேரம் உட்கார முடியுமா?’ என்று கேட்டு, ஆம், இல்லை என இரண்டு கட்டம் மட்டும் கொடுத்திருப்பார்கள். கட்டத்தில் குறியிட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் எழுதுங்கள், இடம் போதாவிட்டால் தனித்தாள் இணையுங்கள்: முடியும், அதன்பின் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும், அன்று இன்னொரு முறை முடியாது. உங்கள் கிளெய்மின் உயிரே இந்த ‘அதன்பின்’தான்.

வெள்ளெருக்கு

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடப் பணிகளைச் செய்யும் திறனை மதிப்பிட்டுப் பயிற்சி தருபவர். இப்படிப்பட்ட மதிப்பீடுகளைச் செய்வது என் அன்றாட வேலை. சாம்பல்வானம் அவர்களுக்கு இரண்டு சோதனைகள் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒன்று. எம்.எஸ். நோயின் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் 1983இல் ஜான் குர்ட்ஸ்கே வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை போகும். நான்குக்கு மேல் அது பெரும்பாலும் நடையைத்தான் அளக்கிறது: எத்தனை மீட்டர் நடக்கிறார், ஊன்றுகோல் வேண்டுமா, சக்கர நாற்காலி வேண்டுமா. ஆறு என்றால் நூறு மீட்டர் நடக்க ஒரு பக்க ஊன்றுகோல் தேவை. சோர்வும் கவனமும் நினைவும் அதில் மிகக் குறைவாகவே பதிவாகும். உங்கள் குறிப்பில் 3 என்று இருந்திருக்கும், பார்த்தவர் லேசான நோய் என்று நினைத்திருப்பார். கணக்கு வேலைக்கு அந்த எண் பெரிதாக எதையும் சொல்லவில்லை.

உங்களுக்கு வேண்டியது முதலில் நரம்பு உளவியல் சோதனை. பல மணி நேரம் நடக்கும். கவனம், வேலை நினைவு (ஒன்றைச் செய்துமுடிக்கும்வரை மனத்தில் வைத்திருப்பது), செயல்வேகம் ஒவ்வொன்றையும் உங்கள் வயதும் படிப்பும் உடையவர்களோடு ஒப்பிடும். அதில் ஒன்றில் குறிகளுக்கு உரிய எண்களை 90 நொடிக்குள் எத்தனை சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். எம்.எஸ். நோயாளிகளின் செயல்வேகத்தை அறிய உலகெங்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சோதனைகளுக்குள்ளேயே, வந்தவர் முழு முயற்சியோடு செய்கிறாரா என்று பார்க்கும் பகுதிகளும் கலந்திருக்கும். அதனால் யாரும் வேண்டுமென்றே குறைத்துச் செய்யாதீர்கள். உங்களால் முடிந்த அளவு நன்றாகச் செய்யுங்கள். முழு முயற்சியோடு வந்த குறைந்த மதிப்பெண்ணை மறுப்பது மிகக் கடினம். காலையில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் பிற்பகலிலும் தொடரும்படி கேளுங்கள். பத்தரை மணிக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதானே உங்கள் கதை.

இரண்டாவது, செயல்திறன் மதிப்பீடு. ஒரே நாளில் செய்வதைவிட அடுத்தடுத்து இரண்டு நாள் செய்வது உங்கள் நோய்க்குப் பொருந்தும். முதல் நாள் மனவுறுதியில் செய்துவிடுவார்கள். மறுநாள் காலை அதே நாற்காலியில் அதே பணியைக் கொடுக்கும்போது தெரியும். போன ஆண்டு நான் பார்த்த ஒருவர் முதல் நாள் நாற்பது நிமிடம் தட்டச்சு செய்தார். இரண்டாம் நாள் ஒன்பதாவது நிமிடத்தில் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ‘என்ன அடிக்க வேண்டும்?’ என்று என்னைக் கேட்டார். தாள் அவர் எதிரிலேயே இருந்தது. அறிக்கையில் அந்த நிமிடத்தை அப்படியே எழுதினேன்.

வெப்பம் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே எம்.எஸ். அறிகுறிகள் கூடும், உத்தாஃப் என்ற கண் மருத்துவரின் பெயரால் இதைக் குறிப்பிடுகிறார்கள். அது பதிவில் இருக்க வேண்டும்.

சாம்பல்வானம்

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. கோப்பு வந்துவிட்டது, 212 பக்கம். என்னைப் பார்க்காத மருத்துவர் நான்கு பக்க அறிக்கை எழுதியிருக்கிறார். அதில் சோர்வு என்ற சொல்லே இல்லை. என் வேலையை ‘கணக்கு எழுதுபவர்’ என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆண்டு இறுதிக் கணக்கை முடித்துத் தணிக்கையாளர் முன் உட்காருவதும், பதினோரு பேரின் வேலைக்கு நான் கையெழுத்திடுவதும் எங்குமே இல்லை. மனிதவளத் துறையிடம் என் முழுப் பணி விவரத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எடுக்கிறேன். கோப்பில் ஓர் இடத்தில் ‘முதன்மைக் காரணம் மனச்சோர்வாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். இதை மறைத்திருக்க வேண்டுமா?

படிவப்பார்வை

மறைக்கக் கூடாது, மறைக்கவும் முடியாது. மருந்துச் சீட்டுகள் கோப்பில் இருக்கின்றன. ஆனால் அந்த வரியைச் சும்மா விடாதீர்கள். பல குழுப் பாலிசிகளில் மனநலக் காரணத்துக்கு 24 மாதம்தான் பணம். நரம்பு நோயென்றால் ஓய்வு வயது வரை உண்டு. உங்கள் கிளெய்மை அந்தச் சிறிய பெட்டிக்குள் தள்ளப் பார்க்கிறார்கள். எம்.எஸ். நோயில் மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வருவது. மாத்திரையால் மனச்சோர்வு கட்டுக்குள் இருக்கிறது, இருந்தும் கவனமும் வேகமும் குறைந்திருக்கின்றன, அதற்குக் காரணம் நரம்பு நோய் என்று நரம்பியல் மருத்துவரும், முடிந்தால் மனநல மருத்துவரும் எழுத வேண்டும். நரம்பு உளவியல் அறிக்கை இரண்டையும் பிரித்துக் காட்டும். அறிகுறிகளை நோயாளி சொல்வதைத் தவிர வேறு சான்று இல்லாவிட்டால் காலவரம்பு என்று சொல்லும் பிரிவும் சில பாலிசிகளில் உண்டு. அதற்கும் அதே அறிக்கைதான் பதில்.

இளவேனில்

அக்கா, ஐயா, நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். எனக்கு 29 வயது. எம்.எஸ். என்று தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முழுநேர வேலையில் இருக்கிறேன், இப்போதைக்குப் பெரிய தொல்லை இல்லை. இந்த இழையைப் படித்தபின் கை நடுங்குகிறது. நான் இப்போது என்ன செய்துவைக்க வேண்டும்?

சாம்பல்வானம்

தம்பி, பயப்படாதே. இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே நோய் வந்தவர்களுக்குக் கிடைக்காத காலம் உனக்குக் கிடைக்கலாம். பலர் ஓய்வு பெறும்வரை வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் நான் செய்யாமல் விட்டதைச் சொல்கிறேன்.

மருத்துவர் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்டால், போன மாதம் முடிந்த எது இந்த மாதம் முடியவில்லை என்று சொல். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அதன் நகலைக் கோப்பில் வைக்கச் சொல். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை வீட்டுக்கு எடுத்து வந்து வை. வேலையை விட்டபின் அலுவலகக் கணினியைத் திறக்க விட மாட்டார்கள். நேரத்தைக் குறைக்கும் முன், ராஜினாமா என்ற சொல்லை வாயில் எடுக்கும் முன், பாலிசியை முழுவதும் படி. பணியில் இருக்கும்போது தொடங்கிய இயலாமைக்குத்தான் காப்பீடு.

படிவப்பார்வை

இதோடு இன்னொன்று. வேலை மாறும்போது கவனம். புதிய குழுப் பாலிசியில் முன்பே இருந்த நோய்க்கான விலக்கு இருக்கும். சேர்வதற்கு முந்தைய சில மாதங்களில் அந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்து, சேர்ந்த முதல் ஆண்டுக்குள் இயலாமை வந்தால் பணம் கிடைக்காது என்பதே வழக்கமான அமைப்பு. அதற்காக நல்ல வேலையை விட வேண்டாம்; தெரிந்து முடிவெடுங்கள். எந்த விண்ணப்பத்திலும் நோயை மறைக்காதீர்கள். அப்படி வாங்கிய பாலிசி தேவைப்படும் நாளில் ரத்தாகும்.

சாம்பல்வானம் (ஐந்து மாதங்களுக்குப் பின்)

இந்த இழையை மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவகாசம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மேல்முறையீட்டை ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்த்துச் சில இடங்களைத் திருத்தினார். நரம்பு உளவியல் சோதனை காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்று வரை நடந்தது. செயல்வேகத்தில் என் வயதினரில் மிகக் கீழே இருக்கிறேன். பிற்பகலில் வைத்த மறுபகுதியில் இன்னும் கீழே. முயற்சி முழுமையானது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது அழுதுவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக ஒருவர் அதைக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்.

என் மருத்துவர் இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தார். ‘நிலையாக’ என்ற சொல்லை எந்தப் பொருளில் எழுதினேன் என்றே தொடங்கியிருந்தார். இரட்டைப் பணத்தைக் கண்டுபிடித்த அந்தப் பெண்ணிடம் ஒரு சாட்சிக் கடிதம் கேட்கப் பல நாள் தயங்கினேன். கேட்டதும் மறுநாளே எழுதிக் கொடுத்தாள். அதில் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கடைசி எட்டு மாதங்கள் நான் ஒப்புதல் கொடுத்த ஒவ்வொரு பட்டியலையும், நான் வீட்டுக்குப் போனபின் அவள் மறுபடி சரிபார்த்திருக்கிறாள். மொத்தம் பதினாறு பிழை. தேதியோடு குறித்து வைத்திருந்தாள், என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். இயலாமைத் தேதி அரைநாளுக்கு மாறிய நாள். அதனால் முழு ஊதியத்தில் 60 சதவீதம், பாக்கித் தொகையோடு. அரசு உதவித்தொகை ஏதாவது பின்னர் கிடைத்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் பாக்கியில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

நீலக்குடை

அம்மா, மனம் நிறைந்தது. அந்தப் பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

படிவப்பார்வை

மிக்க மகிழ்ச்சி. உங்கள் இயலாமைத் தேதி முந்தைய நாளுக்குப் போனதால் 24 மாதக் கணக்கும் முன்கூட்டியே முடியக்கூடும். எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே ‘எந்த வேலையும்’ என்ற அளவுக்கு மறுபரிசீலனையைத் தொடங்குவார்கள். அதற்குள் சோதனையை மறுபடி செய்து வைத்திருந்தால் நல்லது. இடையில் மருத்துவரிடம் போவதை நிறுத்தாதீர்கள். தொடர் சிகிச்சையில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

சாம்பல்வானம்

கடிதம் எழுதிவிட்டேன் ஐயா, நாளை தபாலில் போகும். சோதனைக்கு அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தேதி கேட்டிருக்கிறேன். பிற்பகலில்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.